சிறிய கிளினிக்குக்கு ஒரு சேர்வர்: யாழ்ப்பாணத்தில் முதன்முறையாக வாங்குவோருக்கான வழிகாட்டி

ஒன்றிரண்டு வைத்தியர்கள், இரண்டு மூன்று தாதியர், பதிவு மேசையில் ஒருவர், பக்கத்தில் மருந்து கொடுக்கும் அறை, பரிசோதனைக்கு இரத்தம் எடுக்கும் ஒரு மூலை என்ற அளவில் நடக்கும் கிளினிக்குகளுக்காக இந்த வழிகாட்டியை எழுதுகிறேன். யாழ்ப்பாணத்தில் இத்தகைய கிளினிக்குகள் பெரும்பாலும் பின்னேரம் நான்கு மணிக்குப் பின்னரே களைகட்டுகின்றன. அரச வைத்தியசாலைப் பணியை முடித்துக்கொண்டு வைத்தியர் வந்து அமரும்போது, வெளியே வாங்கில்களில் நாற்பது ஐம்பது பேர் இலக்கத் துண்டுடன் காத்திருப்பார்கள். அவர்களுள் சிலர் நெடுந்தீவிலிருந்து காலையிலேயே படகேறி வந்தவர்களாக இருப்பார்கள். அந்த நான்கைந்து மணி நேரத்துக்குள் சேர்வர், அதாவது எல்லாப் பதிவுகளையும் வைத்திருந்து மற்ற மேசைக் கணினிகளுக்கு வழங்கும் கணினி, நின்றுவிட்டால், அதன் பாரம் முழுவதும் அந்த வாங்கில்களில் இருப்பவர்கள் மீதே விழுகிறது.

பல ஆண்டுகளாக இந்த வேலையில் இருப்பவன் என்ற வகையில் நான் வலியுறுத்திச் சொல்ல விரும்புவது ஒன்றுதான். எந்தச் சேர்வர் வேகமானது என்று தொடங்காதீர்கள். வாங்கப்போகும் சேர்வர் பழுதாகும் நாளை முதலில் மனதில் நிறுத்தி, அங்கிருந்து பின்னோக்கி வந்து ஒவ்வொரு பொருளையும் தெரிவு செய்யுங்கள். அப்படி வருபவருக்குப் பணம் எங்கே போக வேண்டும் என்பது தானாகவே தெளிவாகும்: புரொசெசருக்குக் குறைவாகவும், மின் பாதுகாப்புக்கும் காப்புப் பிரதிக்கும் கூடுதலாகவும்.

முதலாவது படி: எண்ணிப் பார்த்தல்

கடைக்குப் போகும் முன் ஒரு தாளை எடுத்து இரண்டு கேள்விகளுக்கு விடை எழுதுங்கள். சேர்வர் நின்றால் எத்தனை மணி நேரம் கிளினிக்கைத் தாளிலும் பேனையிலும் நடத்த முடியும்? நின்ற கணத்துக்கு முந்திய எவ்வளவு நேரத்துப் பதிவுகள் போனால் பரவாயில்லை? இரண்டாவது கேள்விக்கு ஒன்றுமே போகக்கூடாது என்றுதான் எல்லா வைத்தியர்களும் முதலில் சொல்வார்கள். அதற்கு ஆகும் செலவைக் கேட்ட பின், கடைசி ஒரு மணி நேரத்துப் பதிவென்றால் மருந்துத் துண்டுகளைப் பார்த்துத் திரும்ப ஏற்றிவிடலாம் என்ற இடத்துக்கு வந்து சேர்வார்கள். அது நியாயமான இடம். அதற்கேற்பவே கீழே உள்ளவை சொல்லப்படுகின்றன.

அடுத்து, எவ்வளவு தரவு சேரும் என்பதைக் கணக்கிடுங்கள். நாளொன்றுக்கு 80 நோயாளர், மாதத்துக்கு 26 நாள் என்றால் ஆண்டுக்கு ஏறத்தாழ 25,000 வருகைகள். ஒரு வருகையின் எழுத்துப் பதிவு 10 கிலோபைட் என்று தாராளமாக எடுத்தாலும் ஆண்டு முழுவதற்கும் 250 மெகாபைட்தான் வரும். பாதிப் பேர் தலா இரண்டு பக்க ஆய்வுகூட அறிக்கை கொண்டுவந்து, அவற்றைப் பக்கம் 300 கிலோபைட்டாக ஸ்கான் செய்து வைத்தால் ஆண்டுக்கு 7.5 ஜிகாபைட். அல்ட்ராசவுண்ட் கருவி இருந்து, நாளுக்கு 15 ஸ்கான், ஒவ்வொன்றிலும் ஒரு மெகாபைட் அளவில் பத்துப் படங்கள் என்றால் அது மட்டும் 47 ஜிகாபைட் அளவுக்குப் போகும். ஆகவே பத்து ஆண்டுகளுக்கும் சேர்த்து ஒரு ரெராபைட்டுக்குள் அடங்கிவிடும் வேலை இது. எட்டு டிஸ்க்குகள் பொருத்தக்கூடிய பெட்டியை ஒருவர் உங்களுக்கு விற்க முயன்றால், இந்தத் தாளை அவருக்குக் காட்டுங்கள்.

இரண்டாவது படி: மென்பொருளை முதலில் தீர்மானித்தல்

சேர்வரை வாங்கி வைத்துவிட்டு அதற்கேற்ற மென்பொருளைத் தேடுவது, தாலியை வாங்கி வைத்துவிட்டுப் பெண் தேடுவது போன்றது. மென்பொருள்தான் எந்த இயங்குதளம் வேண்டும், பதிவுகளை ஒழுங்குபடுத்திச் சேமிக்கும் எந்தத் தரவுத்தளம் வேண்டும், எவ்வளவு நினைவகம் வேண்டும் என்பதை முடிவு செய்கிறது.

திறந்த மூல மென்பொருள்களில், அதாவது மூல நிரல் எவருக்கும் திறந்திருக்கும் மென்பொருள்களில், பெயர் பெற்றவை சில உள்ளன. ஓப்பன்ஈ.எம்.ஆர்., பீ.எச்.பீ. மொழியிலும் மைஎஸ்கியூஎல் அல்லது மரியாடிபி தரவுத்தளத்திலும் இயங்குவது. சிறிய கிளினிக்குக்கு அளவாகப் பொருந்தும், ஆனால் அதன் பில்லிங் பகுதி அமெரிக்கக் காப்புறுதி முறையை மனதில் வைத்து அமைக்கப்பட்டதால், இங்கே அதன் பெரும்பகுதியை அணைத்து வைக்க நேரும். பெயரில் அதனோடு குழப்பிக்கொள்ளக்கூடிய ஓப்பன்எம்.ஆர்.எஸ்., 2004 இல் தொடங்கப்பட்டு ஆபிரிக்க நாடுகளில் வேரூன்றிய இன்னொன்று. அது முடிந்த மென்பொருள் என்பதைவிட, மேலே கட்டியெழுப்ப வேண்டிய அத்திவாரம் என்பதே சரி. அதன் மேல் வைத்தியசாலை ஒன்றுக்குத் தேவையானவற்றைச் சேர்த்துக் கட்டிய பாம்னி, சிறிய இடத்துக்குக் கனமானது. குனு ஹெல்த், போஸ்ட்கிரெஸ்கியூஎல் தரவுத்தளத்தின் மேல் இயங்குகிறது. அல்ட்ராசவுண்ட், எக்ஸ்ரே படங்களை, மருத்துவப் படங்களுக்கான பொது வடிவமான டைகொம் வடிவில் பெற்றுச் சேமிக்க ஒர்த்தாங்க் என்ற சிறிய இலவச மென்பொருள் மிக நன்றாக வேலை செய்கிறது; அதைப் பிரதான மென்பொருளோடு சேர்த்தே அதே சேர்வரில் நிறுவலாம்.

இவற்றுக்கு வெளியே, உள்ளூர் நிறுவனங்களோ தனியாட்களோ எழுதி விற்கும் மென்பொருள்களும் உண்டு. உள்ளூர் மென்பொருளை நான் குறைத்து மதிப்பதில்லை. தொலைபேசியில் தமிழில் பேசி, அரை மணி நேரத்தில் மோட்டார் சைக்கிளில் வந்து நிற்கும் ஒருவர் இருப்பது பெரிய பலம். ஆனால் எழுதியவர் கனடாவுக்குப் போய்விட்டால் என்ன ஆகும் என்ற கேள்வியை அவர் முகத்துக்கு நேரே கேளுங்கள். முழுத் தரவையும் சாதாரண அட்டவணைக் கோப்புகளாக நீங்களே வெளியே எடுக்க முடியுமா, தரவுத்தளத்தின் உயர்மட்டக் கடவுச்சொல் யாரிடம் இருக்கும், இணையம் இல்லாத நேரத்தில் இயங்குமா, யார் எந்தப் பதிவை எப்போது மாற்றினார் என்பது பதிவாகிறதா என்பவற்றுக்கு எழுத்தில் விடை வாங்குங்கள். தரவை வெளியே எடுக்க முடியாத மென்பொருளை, இலவசமாகத் தந்தாலும் ஏற்காதீர்கள்.

எமது ஊருக்கே உரிய மூன்று சோதனைகளையும் விற்பவரின் முன்னிலையில் செய்து பாருங்கள். முதலாவது, தமிழ். இன்றும் இங்கே பலர் பாமினி எழுத்துருவில் தட்டச்சு செய்கிறார்கள். அந்த முறையில் சேமிக்கப்படுவது உண்மையில் ஆங்கில எழுத்துகளும் குறியீடுகளுமே, எழுத்துருதான் அவற்றைத் தமிழாகக் காட்டுகிறது. எழுத்துரு இல்லாத கணினியில் அதே பெயர் பொருளற்ற எழுத்துக் குவியலாகத் தெரியும், அகரவரிசையும் தேடலும் குலைந்துபோகும். ஆகவே ஒருங்குறியில் (யூனிகோட்) சேமிக்கும் மென்பொருளை மட்டுமே எடுங்கள். ‘கொக்குவில்’, ‘ஸ்ரீகௌரி’ என்ற இரண்டு சொற்களையும் தட்டச்சு செய்து, சேமித்து, தேடி, மருந்து உறைக்கான லேபல் பிறிண்டரிலும் அச்சிட்டுப் பாருங்கள். திரையில் ஒழுங்காகத் தெரிந்த கொம்பு, லேபலில் எழுத்தை விட்டு விலகி நிற்பதையும், சில வேளைகளில் வெறும் பெட்டிகளாக வருவதையும் நான் பலமுறை கண்டிருக்கிறேன். ‘காலை 1, இரவு 1, சாப்பாட்டுக்குப் பின்’ என்ற வரியைக் கண்பார்வை குறைந்த ஒரு வயோதிபத் தாய் வீட்டில் தனியாக வாசிக்கப்போகிறார் என்பதால் இதை அற்ப விடயமாக விட முடியாது.

இரண்டாவது, பெயர். தந்தையின் பெயரே முதலெழுத்தாக வரும் எமது வழக்கத்தில், ‘எஸ். சிவகுமார்’ என்று தேடினால் ஒரே திரையில் ஐந்தாறு பேர் வந்து நிற்பார்கள். அவர்களுள் ஒருவர் ‘சிவக்குமார்’ என்று பதியப்பட்டிருப்பார். பெயரோடு பிறந்த ஆண்டு, ஊர், தொலைபேசி இலக்கம் ஆகியவற்றையும் ஒரே வரியில் காட்டாத மென்பொருள், தவறான ஆளின் பதிவைத் திறக்க வைக்கும். மூன்றாவது, தேசிய அடையாள அட்டை. ஒன்பது இலக்கங்களும் ஓர் எழுத்தும் கொண்ட பழைய அட்டையும், 2016 முதல் வழங்கப்படும் 12 இலக்க அட்டையும் ஒருங்கே புழக்கத்தில் இருப்பதால் அந்தக் கட்டம் இரண்டையும் ஏற்க வேண்டும். குழந்தைகளுக்கு அட்டையே இல்லை. எனவே கிளினிக் தானே வழங்கும் இலக்கம்தான் மூல அடையாளமாக இருக்க வேண்டும்.

மூன்றாவது படி: இயங்குதளம்

மென்பொருள் முடிவானதும் இது பெரும்பாலும் தானாக முடிவாகிவிடும். மேலே சொன்ன திறந்த மூல மென்பொருள்கள் லினக்ஸில் நன்றாக இயங்குபவை. டெபியன், அல்லது நீண்டகால ஆதரவுள்ள உபுண்டு சேர்வர் பதிப்பு போதும். இரண்டுக்கும் கட்டணம் இல்லை. உள்ளூர் மென்பொருள்கள் பல விண்டோஸில் மட்டுமே இயங்கும். அப்படியானால் விண்டோஸ் சேர்வரின் விலையோடு, அதைப் பயன்படுத்தும் ஒவ்வொருவருக்கும் அல்லது ஒவ்வொரு கணினிக்கும் தனி அணுகல் உரிமம் வாங்க வேண்டும் என்பதையும் கணக்கில் சேருங்கள். விலைப்பட்டியலில் இந்த வரி அடிக்கடி விடுபட்டுப் போகிறது. சாதாரண விண்டோஸ் கணினியையே சேர்வராக வைத்தால், ஒரே நேரத்தில் 20 இணைப்புகளுக்கு மேல் உரிமம் அனுமதிக்காது. சிறிய கிளினிக்குக்கு அது போதும் என்றாலும், 2025 ஒக்டோபர் 14 உடன் விண்டோஸ் 10 க்கான வழமையான ஆதரவு முடிந்துவிட்டதால் பழைய கணினியை அப்படியே சேர்வராக்க வேண்டாம். உரிமம் இல்லாத விண்டோஸை, உடைத்துத் திறக்கும் கருவி கொண்டு இயக்கித் தருகிறேன் என்பவரிடம் நோயாளர் தரவை ஒப்படைக்காதீர்கள். அத்தகைய கருவிகளோடு என்ன உள்ளே வருகிறது என்பதை அவராலும் சொல்ல முடியாது.

விண்டோஸ் வழியில் போகிறவர்கள் கவனிக்க வேண்டிய இன்னொன்று உண்டு. பல உள்ளூர் மென்பொருள்கள் எஸ்கியூஎல் சேர்வர் என்ற மைக்ரோசொஃப்ட் தரவுத்தளத்தின் இலவச எக்ஸ்பிரஸ் பதிப்பில் இயங்குகின்றன. 2022 வரையான எக்ஸ்பிரஸ் பதிப்புகளில் ஒரு தரவுத்தளம் 10 ஜிகாபைட்டைத் தாண்ட முடியாது. எழுத்து மட்டும் சேமித்தால் பல ஆண்டுகளுக்குப் போதும். ஸ்கான் செய்த அறிக்கைகளையும் தரவுத்தளத்துக்குள்ளேயே திணிக்கும் மென்பொருளாக இருந்தால், முதற்படியில் போட்ட கணக்கின்படி ஒன்றரை ஆண்டுக்குள் ஒரு பின்னேரம் புதிய பதிவு ஏற மறுக்கும். படங்கள் கோப்புறையில் சேர்கின்றனவா தரவுத்தளத்திலா என்று கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள்.

நான்காவது படி: இயந்திரம்

மேசைக் கணினிப் பெட்டி போல் நிமிர்ந்து நிற்கும் ஒரு சிறிய ரவர் சேர்வரே இந்த வேலைக்கு ஏற்றது. டெல் பவர்எட்ஜ் ரீ வரிசையின் சிறிய மாதிரிகள், எச்.பீ.ஈ. புரோலையன்ட் எம்.எல். 30, லெனோவோ திங்க்சிஸ்டம் எஸ்.ரீ. 50 ஆகியவை இந்த வகையைச் சேர்ந்தவை. நான்கு முதல் எட்டு கோர் கொண்ட புரொசெசர், 16 முதல் 32 ஜிகாபைட் ஈ.சி.சி. நினைவகம், ஒன்றின் பிரதியாக மற்றொன்று இயங்கும் இரண்டு எஸ்.எஸ்.டி. (அசையும் பாகமில்லாத டிஸ்க்) என்பதே நான் எழுதிக் கொடுக்கும் பட்டியல். ஈ.சி.சி. என்பது நினைவகத்தில் தற்செயலாக ஒரு பிட் மாறிப்போனால் அதைக் கண்டு திருத்தும் வசதி. மருந்தின் அளவு பதிவாகும் இடத்தில் அது இருப்பது நல்லது.

எஸ்.எஸ்.டி. விடயத்தில் மட்டும் மலிவானதைத் தேடாதீர்கள். தரவுத்தளம் ஒரு பதிவை எழுதி முடித்துவிட்டதா என்று டிஸ்க்கைக் கேட்கும். தரவு இன்னும் தற்காலிக நினைவில் இருக்கும்போதே, வீட்டுப் பாவனைக்கான சில டிஸ்க்குகள் எழுதியாயிற்று என்று பதில் சொல்லிவிடும். அந்த இமைப்பொழுதில் மின்சாரம் போனால், எழுதியதாக நம்பப்பட்ட பதிவு இல்லாமற்போவதோடு தரவுத்தளமே குலைந்தும் போகலாம். சேர்வர்களுக்கான எஸ்.எஸ்.டி.களில் சிறிய மின்தேக்கிகள் பொருத்தப்பட்டிருக்கும். மின்சாரம் போன பின்னும் கையிலிருப்பதை எழுதி முடிக்கத் தேவையான சக்தியை அவை தருகின்றன. மின் இழப்புப் பாதுகாப்பு என்ற சொல் தயாரிப்பாளரின் விபரத்தாளில் இருக்கிறதா என்று பாருங்கள். அடிக்கடி மின்சாரம் போகும் ஊரில் புரொசெசரை ஒரு படி குறைத்தாவது இதை வாங்க வேண்டும்.

இரண்டு டிஸ்க்குகள் ஒன்றின் பிரதியாக ஒன்று இருப்பது, ஒன்று செத்தாலும் அன்றைய வேலை நிற்காமல் இருப்பதற்காக மட்டுமே. தவறுதலாக அழித்ததை அது இரண்டிலும் அழிக்கும். ஒரு டிஸ்க் செத்ததை யாரும் அறியாமல் மாதக்கணக்கில் ஓடி, மற்றதும் செத்த பின்னரே தெரியவரும் சம்பவங்களும் உண்டு. எனவே பழுது நேர்ந்தவுடன் மின்னஞ்சலோ குறுஞ்செய்தியோ வரும்படி அமைத்துத் தரச் சொல்லி, ஒரு டிஸ்க்கைக் கழற்றி அந்தச் செய்தி வருகிறதா என்று பார்த்த பின்னரே பணம் கொடுங்கள்.

கொழும்பிலிருந்து மலிவாக வரும், சட்டத்தில் அடுக்கும் பழைய ராக் சேர்வர்களைப் பலர் விரும்புகிறார்கள். வலுவான இயந்திரங்கள்தான், ஆனால் அவற்றின் விசிறிச் சத்தத்தில் பக்கத்து அறையில் ஸ்ரெதஸ்கோப் வைத்துக் கேட்க முடியாது. மின்சாரமும் கூடுதலாகத் தின்னும்: 200 வாற் எடுக்கும் இயந்திரம் ஆண்டுக்கு 1,752 அலகு செலவழிக்கும், 50 வாற் எடுக்கும் சிறிய சேர்வர் 438 அலகுடன் நிற்கும். யூ.பி.எஸ். தாங்கும் நேரமும் அதே விகிதத்தில் குறையும்.

உதிரிப்பாகம் கொழும்பிலிருந்து ஏறத்தாழ 400 கிலோமீற்றர் கடந்து வர வேண்டும் என்பதையும் மறவாதீர்கள். பெரிய நிறுவனங்களின் ரவர்களில் பவர் சப்ளை பெரும்பாலும் அவர்களுக்கே உரிய வடிவில் இருப்பதால், கஸ்தூரியார் வீதிக் கடைகளில் கிடைப்பதை அதில் பொருத்த முடியாது. வாங்கும் நாளிலேயே ஒரு பவர் சப்ளையையும் ஓர் எஸ்.எஸ்.டி.யையும் மேலதிகமாக வாங்கி வையுங்கள். அதைவிட மேலானது, 16 ஜிகாபைட் நினைவகமுள்ள சாதாரண மினி கணினி ஒன்றில் அதே மென்பொருளை நிறுவி அலுமாரியில் வைத்திருப்பது. பிரதான சேர்வர் நின்றால் கடைசிக் காப்புப் பிரதியை அதில் ஏற்றி, ஒரு மணி நேரத்துக்குள் கிளினிக்கைத் தொடரலாம். பணம் குறைவானவர்களுக்கு, விலை உயர்ந்த ஒரு சேர்வரைவிட இப்படி நடுத்தரமான இரண்டு இயந்திரங்கள் நல்லது என்பதே என் முடிவு.

ஐந்தாவது படி: மின்சாரம்

2022 மார்ச் இறுதியில் நாளொன்றுக்கு 13 மணி நேரம் வரை மின்வெட்டு இருந்ததையும், 2025 பெப்ரவரி 9 ஆம் திகதி நாடு முழுவதும் மின்சாரம் நின்றதையும் நாம் மறக்கவில்லை. ஆனால் சேர்வரை அதிகம் கெடுப்பவை அந்த நீண்ட வெட்டுகள் அல்ல. ஒரு விநாடி போய் வருவதும், மின்னழுத்தம் 230 வோல்ற்றிலிருந்து மாலை நேரத்தில் இறங்குவதும், திரும்பி வரும்போது எகிறுவதுமே அதிகம் கெடுப்பவை.

யூ.பி.எஸ். வாங்க முன், அதில் தொங்கப்போகும் சுமையைக் கூட்டுங்கள். சேர்வர் 80 வாற், நெற்வேர்க் சுவிட்ச் 10, இணைய றவுட்டரும் ஃபைபர் பெட்டியும் 25 என்றால் மொத்தம் 115 வாற். 12 வோல்ற், 9 அம்பியர் மணி பற்றரி இரண்டு கொண்ட 1500 வீ.ஏ. யூ.பி.எஸ்.ஸில் பெயரளவில் 216 வாற் மணி இருக்கிறது. இழப்புகள் போக ஏறத்தாழ பாதிதான் பயன்படும் என்று கொண்டால், புதிய பற்றரியில் ஒரு மணி நேரத்துக்குச் சற்றுக் குறைவாக ஓடும். மின்னழுத்தத்தைத் தானே சரிசெய்யும் லைன் இன்ரரக்ரிவ் வகை குறைந்தபட்சத் தேவை. கிளினிக்கில் சிறிய பெற்றோல் ஜெனறேற்றர் வைத்திருப்பவர்கள் இயன்றால், வரும் மின்சாரத்தை எப்போதும் தானே மாற்றிச் சீராகத் தரும் ஒன்லைன் வகையை வாங்குங்கள். சிறிய ஜெனறேற்றரின் மீடிறன் (ஹேர்ட்ஸ்) நிலையாக இல்லாததால், மற்ற வகை யூ.பி.எஸ். அதை மின்சாரமாகவே ஏற்காமல் பற்றரியிலேயே ஓடி முடிந்துவிடுவதுண்டு. லேசர் பிறிண்டரை ஒருபோதும் யூ.பி.எஸ்.ஸில் செருக வேண்டாம். பதிவு மேசைக்கும் வைத்தியருக்கும் மடிக்கணினிகளைக் கொடுத்தால், அவற்றின் பற்றரியே அவற்றைப் பார்த்துக்கொள்ளும்.

யூ.பி.எஸ்.ஸிலிருந்து சேர்வருக்கு ஒரு யூ.எஸ்.பி. வயர் போக வேண்டும். பற்றரி 30 வீதத்துக்கு இறங்கியதும் சேர்வர் தன்னைத்தானே ஒழுங்காக மூடிக்கொள்ளவும், மின்சாரம் வந்ததும் தானாக எழவும் அமைப்பதற்கு அந்த வயர் தேவை. லினக்ஸில் நட் என்ற இலவச மென்பொருள் இதைச் செய்யும். நான் பார்க்கப் போகும் பத்து இடங்களில் பெரும்பாலானவற்றில் அந்த வயர் பிரிக்கப்படாமல் பெட்டிக்குள்ளேயே கிடக்கிறது. பற்றரியை எமது வெக்கையில் மூன்று ஆண்டு என்று எண்ணாமல் இரண்டு ஆண்டுக்கு ஒருமுறை மாற்றுங்கள். வெப்பம் பத்துப் பாகை கூடினால் ஈயப் பற்றரியின் ஆயுள் ஏறத்தாழப் பாதியாகும். மாற்றிய திகதியை யூ.பி.எஸ்.ஸின் நெற்றியிலேயே ஒட்டிவிடுங்கள்.

நிலத்தொடுப்பைச் சோதித்துக்கொள்ள மின்னியலாளர் ஒருவரை அழையுங்கள். சித்திரையிலும் ஐப்பசி, கார்த்திகையிலும் இடி முழங்கும் பின்னேரங்களில், செம்புத் தொலைபேசிக் கம்பி வழியாகவே பல றவுட்டர்கள் எரிகின்றன. ஃபைபர் இணைப்பு கிடைக்குமானால் அந்த வழி அடைபடும்.

ஆறாவது படி: வைக்கும் இடம்

பெரும்பாலான சிறிய சேர்வர்கள் 10 முதல் 35 பாகை செல்சியஸ் வரை இயங்க வடிவமைக்கப்பட்டவை. கூரைத் தகட்டின் கீழ் பூட்டிய சிறிய அறை வைகாசியில் அந்த எல்லையைச் சுலபமாகத் தாண்டும். குளிரூட்டி உள்ள வைத்தியரின் அறையில் பூட்டக்கூடிய அலுமாரி ஒன்றில், முன்னும் பின்னும் காற்றுப் போக இடம் விட்டு வைப்பது போதும். கிளினிக் மூடிய பின் குளிரூட்டி நின்றாலும் அப்போது சேர்வருக்கு அதிக வேலை இல்லை. தரையிலிருந்து குறைந்தது மூன்றடி உயர்த்துங்கள். 2008 நவம்பரில் நிஷா புயலோடு வந்த வெள்ளத்தில் தரையில் இருந்த கணினிகளுக்கு என்ன நடந்தது என்பதை அன்று இங்கே இருந்தவர்கள் அறிவார்கள். ஒருமுறை, காரணமில்லாமல் நின்ற பவர் சப்ளை ஒன்றைத் திறந்தபோது, சுற்றுப்பலகையின் குறுக்கே ஒரு பல்லி காய்ந்து ஒட்டிக் கிடந்தது. அதைச் சுற்றி எறும்புப் புற்றுமண். அன்றிலிருந்து காற்றுத் துளைகளுக்கு மெல்லிய வலை போட்டு, மாதம் ஒருமுறை தூசு தட்டச் சொல்கிறேன்.

ஏழாவது படி: வலையமைப்பு

இதில் அதிகம் குழம்பத் தேவையில்லை. சேர்வருக்கும் மேசைகளுக்கும் கற் 6 கேபிள், ஒரு ஜிகாபிட் சுவிட்ச், அவ்வளவே. காத்திருப்போருக்கான வைஃபையையும் சீ.சீ.ரி.வி. கமராக்களையும் சேர்வர் இருக்கும் வலையமைப்பிலிருந்து கட்டாயமாகப் பிரித்து விடுங்கள். ஃபைபர் அறுந்தால் தானாக 4ஜி க்கு மாறும் றவுட்டர் இருந்தால் நல்லது, ஆனால் இணையம் முற்றாக இல்லாத போதும் கிளினிக் ஓட வேண்டும். முழுவதையும் மேகக் கணிமையில், அதாவது இணையத்துக்கு அப்பால் உள்ள வேறொருவரின் கணினிகளில், வைக்கும் சேவைகளை நான் இங்கே முதற்தெரிவாகச் சொல்லாததற்கு இதுவே காரணம்.

வைத்தியர் வீட்டிலிருந்து பார்க்க விரும்பினால் வயர்கார்ட் போன்ற வீ.பீ.என். (பிறர் நுழைய முடியாத தனி இணைப்பு) வழியாக மட்டுமே வர வேண்டும். விண்டோஸின் தொலைதூரத் திரையை நேரடியாக இணையத்துக்குத் திறந்து விடுவது, கோப்புகளைப் பூட்டிக் கப்பம் கேட்பவர்களுக்குக் கதவைத் திறந்து வைப்பதற்குச் சமம். அது அவர்கள் உள்ளே வரும் பிரதான வழிகளில் ஒன்று.

எட்டாவது படி: காப்புப் பிரதி

நகருக்கு வெளியே ஒரு கிளினிக்கிலிருந்து ஒருநாள் என்னை அழைத்தார்கள். டிஸ்க் செத்திருந்தது. யாரும் கவலைப்படவில்லை; ஏனென்றால் அதை அமைத்தவர், ஒவ்வொரு இரவும் தரவுத்தளக் கோப்பு வெளி டிஸ்க் ஒன்றுக்குப் பிரதியாகும்படி செய்திருந்தார். பதினொரு மாதமும் தவறாமல் பிரதியாகியிருந்தது. திறந்தபோது ஒன்றுகூட இயங்கவில்லை. தரவுத்தளம் ஓடிக்கொண்டிருக்கும்போதே அதன் கோப்பை வெறுமனே பிரதி செய்தால், பாதி எழுதிய நிலையில்தான் அது பிடிபடும்; பதினொரு மாதமும் யாரும் அதைத் திறந்து பார்க்கவில்லை. மருந்தகத்தில் சேர்த்து வைத்திருந்த துண்டுகளிலிருந்து மூன்று வாரம் தட்டச்சு செய்தோம். அதில் மருந்துகள் திரும்ப வந்தன, ஒவ்வாமைக் குறிப்புகள் வரவில்லை. அவை கணினியில் மட்டுமே இருந்தன. பென்சிலின் ஒத்துக்கொள்ளாத எத்தனை பேர் அந்தப் பட்டியலில் இருந்தார்கள் என்பது யாருக்கும் நினைவில்லை. அங்கிருந்த தாதி ஒருவர், பின்னர் வந்த ஒவ்வொருவரிடமும் முதலிலிருந்து அதைக் கேட்டுக் கேட்டு எழுதினார்.

ஆகவே, தரவுத்தளத்தின் சொந்தக் கருவியைக் கொண்டே பிரதி எடுங்கள்: போஸ்ட்கிரெஸ்கியூஎல்லுக்கும் மரியாடிபிக்கும் அவற்றுக்கான டம்ப் கட்டளைகள் உள்ளன, எஸ்கியூஎல் சேர்வருக்கு அதன் பேக்கப் கட்டளை உள்ளது. கிளினிக் நேரத்தில் மணிக்கு ஒருமுறையும், மூடிய பின் ஒருமுறையும் அது தானாக நடக்க வேண்டும். மணிக்கொருமுறைப் பிரதி, சேர்வருக்கு வெளியே வலையமைப்பில் இருக்கும் இன்னொரு பெட்டிக்குப் போகட்டும். இரண்டு வெளி டிஸ்க்குகளை வாங்கி, ஒன்று செருகப்பட்டிருக்கும் வாரத்தில் மற்றது வைத்தியரின் வீட்டில் இருக்கும்படி மாற்றுங்கள். கப்பம் கேட்கும் நச்சுநிரலால் செருகாத டிஸ்க்கைத் தொட முடியாது. மூன்றாவது பிரதியை, ரெஸ்ரிக் போன்ற இலவசக் கருவியால் மறைகுறியாக்கி (திறவுச்சொல் இல்லாமல் வாசிக்க முடியாதபடி மாற்றி) இணையத்தின் வழியே வெளியே அனுப்புங்கள். நாளுக்கு 175 மெகாபைட் அளவில்தான் புதிதாகச் சேரும் என்பதால், நொடிக்கு 10 மெகாபிட் ஏற்றும் இணைப்பில் சில நிமிடங்களில் முடிந்துவிடும்.

மறைகுறியாக்கத்தின் திறவுச்சொல்லைத் தாளில் எழுதி, முத்திரையிட்ட உறையில் இரண்டு இடங்களில் வையுங்கள். சேர்வரோடு சேர்ந்து அதுவும் போனால் அந்த மூன்றாவது பிரதி வெறும் இரைச்சல்தான்.

ஒன்பதாவது படி: அந்தரங்கம்

2022 ஆம் ஆண்டின் 9 ஆம் இலக்கத் தனிப்பட்ட தரவுப் பாதுகாப்புச் சட்டம், உடல்நலம் பற்றிய தரவைச் சிறப்பு வகையாகக் கொள்கிறது. சட்டத்துக்காக மட்டுமன்றி, ஒருவரையொருவர் அறிந்த ஊர் இது என்பதற்காகவும் கவனமாக இருங்கள். ஒரு பெண்ணின் பரிசோதனை முடிவு பதிவு மேசைத் திரையில் திறந்தபடி இருந்தால், அது அவருக்கு முன்பே அவரது வீட்டுக்குப் போய்ச் சேரக்கூடும். ஒவ்வொருவருக்கும் தனித்தனிக் கணக்கு வேண்டும். பதிவு மேசைக்கு நோய் விபரம் தெரியத் தேவையில்லை, பெயரும் நேரமும் கட்டணமும் போதும். சேர்வரின் டிஸ்க்குகளையும் மறைகுறியாக்குங்கள். இரவில் டிஸ்க்கைக் கழற்றித் திருடிப் போனாலும் உள்ளே இருப்பது திறவாது. மின்சாரம் வந்ததும் தானாக எழ வேண்டுமென்றால், டிஸ்க்கின் திறவு அந்த இயந்திரத்தின் ரீ.பீ.எம். என்ற பாதுகாப்புச் சிப்போடு பிணைக்கப்பட வேண்டும் என்பதை அமைப்பவரிடம் முன்கூட்டியே சொல்லுங்கள்.

பத்தாவது படி: முதல் மாதமும் அதன் பின்னும்

முதல் இரண்டு வாரமும் தாளையும் கணினியையும் சேர்த்தே நடத்துங்கள். தாதியர் சலித்துக்கொள்வார்கள், ஆனாலும் நடத்துங்கள். கிளினிக் பூட்டியிருக்கும் ஒரு ஞாயிற்றுக்கிழமையில் யூ.பி.எஸ்.ஸின் வயரைச் சுவரிலிருந்து இழுத்து விட்டு, சேர்வர் எத்தனை நிமிடம் தாங்கி எப்படி மூடுகிறது என்று உட்கார்ந்து பாருங்கள்.

அதன் பின் ஒவ்வொரு மாதமும் முதல் ஞாயிறன்று, வைத்தியரின் வீட்டில் இருக்கும் டிஸ்க்கைக் கொண்டுவந்து, அலுமாரியில் உள்ள மினி கணினியில் ஏற்றி, ஐந்து நோயாளரின் பதிவைத் திறந்து, அவர்களது கிளினிக் இலக்கம், கடைசி மருந்து, ஒவ்வாமைக் குறிப்பு மூன்றையும் சேர்வரில் உள்ளதோடு ஒப்பிடுங்கள். இதை அமைத்துத் தந்தவர் செய்யக்கூடாது. கிளினிக்கில் இருக்கும் ஒருவர், கைகளால் தாமே செய்ய வேண்டும். சேர்வரின் பக்கத்தில் ஒரு சீ.ஆர். கொப்பியை நூலில் கட்டித் தொங்கவிட்டு, அன்றைய திகதி, ஏற்ற எடுத்த நிமிடங்கள், செய்தவரின் கையொப்பம் ஆகியவற்றை அதில் எழுதுங்கள். கொப்பியின் உள் அட்டையில், சேர்வர் நின்றால் முதலில் அழுத்த வேண்டிய பொத்தான், அழைக்க வேண்டிய இருவரின் தொலைபேசி இலக்கங்கள், வெற்று மருந்துத் துண்டுகள் இருக்கும் இலாச்சி ஆகிய மூன்றும் பெரிய எழுத்தில் இருக்கட்டும்.